400ஆ, 600ஆ, ஒரே சூப்பர்ஸூமா? கொழும்பில் பறவை, விலங்குப் படம் எடுக்க எந்தக் கமரா

பறவைப் படத்துக்குக் கமரா வாங்கப் போகிறவர் கடையில் கேட்கும் முதல் கேள்வி, "எவ்வளவு தூரத்துக்கு எட்டும்?" என்பதுதான். அந்தக் கேள்வியோடு போனால் 150–600 மி.மீ. லென்ஸ் ஒன்றோ, 83 மடங்கு ஸூம் என்று பெட்டியில் அச்சடித்த, லென்ஸ் கழற்ற முடியாத சூப்பர்ஸூம் கமரா ஒன்றோ வீட்டுக்கு வந்து சேரும். இரண்டும் நல்ல கருவிகளே. ஆனால் கொழும்பில் படத்தைக் கெடுப்பவை பெரும்பாலும் வேறு மூன்று: குறைந்த வெளிச்சம், காற்றின் ஈரம், தோளில் தொங்கும் பாரம். தெரிவை அங்கிருந்து தொடங்கினால் பட்டியலில் பாதி தானாகவே விழுந்துவிடும்.

2018இல் ராம்சார் சாசனத்தின் கீழ் ஈரநில நகரங்களாக முதன்முதல் அங்கீகாரம் பெற்ற 18 நகரங்களுள் கொழும்பும் ஒன்று. உயிரினங்கள் இங்கே வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. வெள்ளவத்தைக் கால்வாய்க் கரையில் கபரகொய்யா வெயில் காயும். பெய்ரா ஏரியில் கூழைக்கடாவும் நீர்க்காகமும் மனிதரைப் பெரிதாகப் பொருட்படுத்துவதில்லை. விகாரமகாதேவிப் பூங்கா மரங்களில் பழந்தின்னி வௌவால்கள் பட்டப்பகலில் தொங்குகின்றன. இவற்றுக்கெல்லாம் 200, 300 மி.மீ. போதும். தொலைவு பிரச்சினையாவது தலங்கம ஏரியில் தாமரை இலைகளுக்கு நடுவே நிற்கும் இலைக்கோழிக்கும், முத்துராஜவெலவில் படகைக் கண்டதும் எழும்பிப் பறக்கும் நாரைக்கும்தான்.

முதலில் ஒரு கணக்கு

லென்ஸின் குவியத்தூரத்தைப் பறவையின் நீளத்தால் பெருக்கி, இடையிலுள்ள தூரத்தால் வகுத்தால் சென்சரில் (கமராவுக்குள் படத்தைப் பதியும் சில்லில்) விழும் உருவத்தின் அளவு வரும். எல்லாவற்றையும் மில்லிமீற்றரில் போட வேண்டும், அவ்வளவுதான்.

வெண்தொண்டை மீன்கொத்தி ஏறத்தாழ 28 செ.மீ. நீளம். அது 20 மீற்றரில் இருக்கிறது, லென்ஸ் 400 மி.மீ. என்றால் உருவம் 5.6 மி.மீ. கனனின் ஏ.பி.எஸ்-சி எனும் நடுத்தர அளவுச் சென்சரின் அகலம் 22.3 மி.மீ. ஆகவே பறவை படத்தின் அகலத்தில் கால்வாசியைப் பிடிக்கும். 24 மெகாபிக்சல் கமராவில் அது 1,500 பிக்சல். இறகின் வரிகள் தெரிய, ஏ4 அளவில் அச்சடிக்க அது போதும். அதே இடத்தில் 600 மி.மீ. வைத்தால் 8.4 மி.மீ., அதாவது 2,260 பிக்சல். வித்தியாசம் உண்டு, ஆனால் இரண்டு அடி எடுத்து வைக்கக்கூடிய இடத்தில் அது பெரிய வித்தியாசமல்ல.

இலைக்கோழியில் கணக்கு மாறுகிறது. உடல் 30 செ.மீ. அளவு, தூரம் 35 மீற்றர் என்றால் 400இல் 3.4 மி.மீ.தான் கிடைக்கும். வெட்டி எடுத்தால் போனில் பார்க்கலாம், அச்சடிக்க முடியாது. 600 தன் விலைக்கு வேலை செய்யும் இடம் இதுதான். மறுபக்கம், ஏறத்தாழ 90 செ.மீ. உயரமான சங்குவளை நாரை 60 மீற்றரில் நின்றாலும் 400 மி.மீ. லென்ஸில் 6 மி.மீ. உயரம் வரும், படத்தின் உயரத்தில் நாற்பது வீதம். ஆகவே, எந்த உயிரினம் என்று தெரியாமல் லென்ஸின் நீளத்தைப் பற்றிப் பேசிப் பயனில்லை.

இந்தக் கணக்குக்குள் வராத ஒன்று காற்று. காலை ஒன்பது மணிக்குப் பிறகு சூடேறிய நீர்ப்பரப்பின் மேலும் தார் வீதியின் மேலும் காற்று அலையும். 60 மீற்றருக்கு அப்பால் உள்ள பறவை அப்போது எந்த லென்ஸிலும் கூர்மையாக விழாது. லென்ஸ் பழுது என்று திருப்பிக் கொடுக்கப் போகிறவர்கள், அதே லென்ஸால் காலை 6.30க்கு 15 மீற்றரில் ஒரு படம் எடுத்துப் பார்த்துவிட்டுப் போவது நல்லது.

சூப்பர்ஸூம்: இரண்டு வகை, இரண்டு தீர்ப்பு

நிகோன் பி950இன் 83 மடங்கு ஸூம், 35 மி.மீ. பிலிம் கமராவில் 2000 மி.மீ. லென்ஸுக்குச் சமம் என்கிறார்கள். உண்மையான குவியத்தூரம் 357 மி.மீ. சென்சர் மிகச் சிறியது, அகலம் 6 மி.மீ. சொச்சம். அதனால்தான் 20 மீற்றர் மீன்கொத்தி படத்தின் அகலத்தில் எண்பது வீதத்தை நிரப்புகிறது. வெயிலில் அசையாமல் இருக்கும் பறவைக்கு இதன் விலையில் இதை வெல்ல ஆளில்லை. ஒரு கிலோ பாரம், ஒரே பை, லென்ஸ் மாற்றும் வேலை இல்லை.

ஆனால் அந்தச் சென்சரின் பரப்பு ஏ.பி.எஸ்-சி சென்சரில் பன்னிரண்டில் ஒரு பங்குதான். ஸூமின் கடைசியில் துவாரம் எஃப் 6.5 (எஃப் எண் கூடினால் உள்ளே வரும் வெளிச்சம் குறையும்). மரநிழலில் ஐ.எஸ்.ஓ. (வெளிச்ச உணர்திறன்) 1600க்கு மேல் போனதும் இறகு மெழுகாகிவிடும். குவியம் பிடிக்கும் முறை மெதுவானது. பறக்கும் கொக்கைத் தொடர முடியாது. முழு ஸூமில் 5 மீற்றருக்குக் கிட்ட உள்ளது எதையும் பிடிக்காது. தொடர்மாடி பல்கனியில் இரண்டு மீற்றரில் செவ்வரத்தம் பூவுக்கு வரும் தேன்சிட்டுக்கு ஸூமை நன்றாகக் குறைக்க வேண்டியிருக்கும். நிலாவையும் தொலைவில் இருக்கும் நாரையையும் பார்த்து மகிழ வாங்கலாம். பறவையைக் கற்றுக்கொள்ள, இனம் அறிய, பதிவு வைக்க வாங்கலாம். படத்தின் தரத்துக்காக வாங்க வேண்டாம்.

சோனி ஆர்.எக்ஸ்10 நான்காம் பதிப்பு வேறு சாதி. ஒரு அங்குலச் சென்சர், 24–600க்குச் சமமான லென்ஸ், முழு ஸூமிலும் எஃப் 4. குவியம் வேகமானது, செக்கனுக்கு 24 படம், முழு ஸூமிலும் 72 செ.மீ. வரை கிட்டப் போகலாம். சென்சர் சிறிது என்று ஒதுக்குகிறவர்கள் எஃப் 4ஐ மறந்துவிடுகிறார்கள்: எஃப் 8 லென்ஸ் பூட்டிய ஏ.பி.எஸ்-சி கமராவோடு வெளிச்சக் கணக்கில் இது சமம், சற்று மேல் என்றுகூடச் சொல்லலாம். இனி லென்ஸே வாங்கப் போவதில்லை என்று உறுதியாக இருப்பவருக்கு, நல்ல நிலையில் பாவித்தது ஒன்று கிடைத்தால் நாம் சொல்வது இதைத்தான். குறை ஒன்று, அதுவும் கொழும்புக்கே உரியது: லென்ஸ் கழற்ற முடியாதது. உள்ளே பங்கசு (ஈரத்தில் வளரும் பூஞ்சணம்) பிடித்தால் முழுக் கமராவையும் பிரிக்க வேண்டும்.

மிரர்லெஸும் 100–400உம்

முதல் கமராவாக வாங்குகிறவர்களில் பெரும்பாலானோருக்கு எங்கள் விடை இது. உள்ளே கண்ணாடி இல்லாத, லென்ஸ் மாற்றக்கூடிய மிரர்லெஸ் கமராக்களான கனன் ஆர்10 அல்லது ஆர்7, அதனோடு ஆர்.எஃப். 100–400 எஃப் 5.6–8. லென்ஸின் பாரம் 635 கிராம். கமராவோடு சேர்த்தும் ஒன்றேகால் கிலோவுக்குள் அடங்கும். தோள்பையில் போட்டு 177 பஸ்ஸில் பத்தரமுல்லை போய், சந்தியில் ஓட்டோ பிடித்துத் தலங்கமவுக்குப் போகலாம். நின்றுகொண்டு போனாலும் ஒருவரையும் இடிக்காது.

இந்தச் சோடியின் பெரிய பலம், கமரா தானே பறவையின் கண்ணைக் கண்டுபிடிப்பது. கிளைகளுக்குள் இருக்கும் குக்குறுவானில் பழைய கமரா முன்கிளையைப் பிடித்துக்கொண்டிருக்க, இது கண்ணில் போய் நிற்கும். ஆனால் நாணல் அடர்ந்த இடத்தில், பெத்தகான பூங்காவின் பலகைப்பாதைகளில் போல, இதுவும் தடுமாறும். அப்போது ஒற்றைப் புள்ளிக்கு மாற்றி, பறவையில் வைத்து, கிடைத்ததும் கண் தேடலை விட வேண்டும். இரண்டையும் இரண்டு பொத்தான்களில் முதலே பதிந்து வைத்தால் விரலை நகர்த்தினால் போதும்.

இரண்டாவது பலம் கிட்டக் குவியம். ஏறத்தாழ ஒரு மீற்றரில் குவியும், உருவம் 0.41 மடங்கு வரை வரும். பெத்தகானவிலும் தியசரு பூங்காவிலும் பறவை வராத நேரத்தில் தும்பி எடுக்கலாம். தனி மக்ரோ லென்ஸ் வாங்குவதைக் குறைந்தது ஒரு வருடம் தள்ளிப்போடலாம்.

பலவீனம் எஃப் 8. காலை 6.30க்கு மரநிழலில், உட்கார்ந்திருக்கும் பறவைக்கு ஷட்டர் வேகத்தை 1/250 செக்கனில் வைத்தால், எஃப் 6.3 லென்ஸ் ஐ.எஸ்.ஓ. 3200 கேட்கும் இடத்தில் இது 5000 கேட்கும். ரோ கோப்பாக (கமரா பதப்படுத்தாத மூலக் கோப்பாக) எடுத்து, இப்போதுள்ள இரைச்சல் நீக்கும் மென்பொருளில் போட்டால் 5000 தாங்கும். ஜேபெக்காக மட்டும் எடுப்பவருக்கு அது வலிக்கும். இன்னொன்று: சத்தமில்லாத எலக்ட்ரோனிக் ஷட்டரில் பறக்கும் பறவையை எடுக்கக் கூடாது. இந்தக் கமராக்களில் சென்சர் வரிவரியாக வாசிக்கப்படுவதால் சிறகு வளைந்து விழும். பறப்பதற்கு மெக்கானிக்கல் ஷட்டர், 1/2000. அதிலும் ஆர்10 செக்கனுக்கு 15 படம் எடுக்கும், அதற்கு மேல் தேவையில்லை. ஆர்10இன் பற்றரி சிறியது, இரண்டாவது ஒன்றை விலைக் கணக்கில் சேர்த்துவிடுங்கள்.

பாவித்த டி.எஸ்.எல்.ஆர், பெரிய லென்ஸ்

சிக்மா 150–600 கன்டெம்பரரி 1.93 கிலோ. டம்ரொன் இரண்டாம் பதிப்பு 2 கிலோ. நிகோன் 200–500 எஃப் 5.6 அதன் காலோடு 2.3 கிலோ. உள்ளே கண்ணாடியுள்ள பழைய வகையான டி.எஸ்.எல்.ஆர் கமராவும் சேர்ந்தால் மூன்று கிலோ. ஒரு மணித்தியாலம் கையில் பிடித்துக் குறி வைத்தால் தோள் நடுங்கத் தொடங்கும். நடுங்கிய தோளில் 600 மி.மீ.யின் கூர்மை போய்விடும். முக்காலி வைத்தால் பலகைப்பாதையில் அடுத்தவர் நடக்கும்போது பலகையோடு முக்காலியும் ஆடும். ஒற்றைக்காலி நல்லது.

கொழும்பில் பெரிய லென்ஸுக்கு வேறொரு விலையும் உண்டு. தியவன்னா ஓயாக் கரையில் பாராளுமன்றம். தலங்கம பக்கம் அக்குரேகொடவில் பாதுகாப்புத் தலைமையகம். அந்தத் திசையில் ஒரு முழ நீளக் குழாயைத் தூக்கினால் காவலர் வந்து விசாரிப்பது இயல்பு. அடையாள அட்டை கையில் இருக்கட்டும், எடுத்த படங்களைக் காட்டத் தயங்க வேண்டாம், கட்டடம் சட்டகத்துக்குள் வராமல் நில்லுங்கள். சிறிய லென்ஸுக்கு இந்தக் கேள்விகள் குறைவு.

கிட்டக் குவியத்திலும் பெரியவை பின்தங்கும்: சிக்மாவுக்கு 2.8 மீற்றர், டம்ரொனுக்கும் நிகோனுக்கும் 2.2. பல்கனிப் பறவை இந்த எல்லைக்குள் வந்து உட்கார்ந்து உங்களைப் பார்க்கும், நீங்கள் ஒன்றும் செய்ய முடியாது.

ஆனாலும் பாவித்த சந்தையில் ஒரு நல்ல ஒழுங்கு இருக்கிறது, அதை யாரும் அதிகம் பேசுவதில்லை. கனன் இ.எஃப். 100–400 எஃப் 4.5–5.6இன் இரண்டாம் பதிப்பு, 2014இல் வந்தது. 400இல் எஃப் 5.6, மேலே சொன்ன ஆர்.எஃப். லென்ஸைவிட ஒரு முழுப் படி, அதாவது இரு மடங்கு வெளிச்சம். 98 செ.மீ.யில் குவியும். பாரம் 1.6 கிலோ. கனனின் டி.எஸ்.எல்.ஆர் ஆன 7டி இரண்டாம் பதிப்பில் பூட்டிப் பாவிக்கலாம்; பிறகு மிரர்லெஸ் வாங்கினால் ஒரு அடப்டரோடு அதே லென்ஸ் புதிய கமராவிலும் குறையின்றி ஓடும். மூன்று கிலோவுக்கும் எஃப் 8க்கும் நடுவே இப்படி ஒரு வழி இருக்கிறது. நிகோன்காரருக்கு 2016இன் டி500 இன்றைக்கும் பறக்கும் பறவையில் சளைத்ததல்ல.

பாவித்த லென்ஸைப் பகலில் பாருங்கள். இரு பக்க மூடியையும் கழற்றி, துவாரத்தை முழுதாகத் திறந்து, பின்பக்கமிருந்து போன் டோர்ச்சை அடித்து முன்பக்கத்தால் சரிவாகப் பார்க்க வேண்டும். சிலந்தி நூல் போலக் கிளைவிட்டிருந்தால் பங்கசு. ஓரிரு தூசி பரவாயில்லை, பங்கசு சிறிதென்றாலும் விடுங்கள். துடைத்தாலும் கண்ணாடிப் பூச்சில் தழும்பு விட்டிருக்கும். அடுத்து, செங்கல் சுவர் ஒன்றை நேரே நின்று முழு ஸூமில் எடுத்து நான்கு மூலைகளையும் ஒப்பிடுங்கள். ஒரு மூலை மட்டும் மங்கினால் உள்ளே கண்ணாடி நகர்ந்திருக்கிறது, அதாவது எப்போதோ விழுந்த லென்ஸ். நடுக்கம் தடுக்கும் வசதியைப் போட்டதும் காட்சி நின்றுபோக வேண்டும், துள்ளக் கூடாது.

போன்

ஐந்து மடங்கு ஸூம் உள்ள போன் ஏறத்தாழ 120 மி.மீ.க்குச் சமம். கபரகொய்யா, கூழைக்கடா, அணில், வீட்டு முற்றத்துக் கீரி வரை போதும். கிளிப் போட்டு மாட்டும் ஸூம் லென்ஸ்களை வாங்காதீர்கள். நடுவில் மட்டும் தெளிவு, ஓரமெல்லாம் ஊதா விளிம்பு. அந்தப் பணத்தோடு கொஞ்சம் சேர்த்து 8×42 இருகண்நோக்கி ஒன்றும் போனைப் பூட்டும் பிடியும் வாங்கினால், படம் சுமார்தான், ஆனால் பறவை பார்க்கக் கண் பழகும்.

பல்கனியில் எதுவும் மலிவில்லை, வெளிச்சத்தைத் தவிர

கொழும்பில் சூரியன் ஆண்டு முழுவதும் காலை 5.50க்கும் 6.30க்கும் இடையில்தான் உதிக்கிறது. 7 பாகை வடக்கில் இருப்பதால் விறுவிறுவென்று உச்சிக்கு ஏறிவிடும். 8.30க்குப் பிறகு கண்குழிக்குள் கறுப்பு நிழல் விழும். எந்தக் கமரா வாங்கினாலும் வேலை நேரம் அந்த இரண்டு மணித்தியாலமும் மாலை 4.30க்குப் பிந்தியதும்தான். கிழக்கு நோக்கிய பல்கனி உள்ளவர் காலையில் எதிர்வெளிச்சத்தில் நிற்பார். அவருக்கு மாலை நல்லது.

கறுத்த கண்டல் பின்னணியில் வெள்ளைக் கொக்கு நின்றால், கமரா பின்னணியைப் பார்த்து வெளிச்சத்தைக் கூட்டிவிடும், வெளிச்ச ஈட்டு அமைப்பில் 0.7இலிருந்து 1 படி வரை குறைக்க வேண்டும். தலங்கம மரவுச்சியில் வெள்ளை வானத்துக்கு எதிரே ஊதாமுக மந்தி என்றால் மறுபக்கம், 1இலிருந்து 1.7 வரை கூட்ட வேண்டும், இல்லாவிட்டால் முகம் கரியாகும். அந்தக் குரங்கின் இங்குள்ள துணையினம் அழிவின் விளிம்பில் இருப்பது. பழம் நீட்டிக் கீழே இறக்கி எடுக்கும் படம் வேண்டவே வேண்டாம்.

நுளம்பு வலை ஊடாக எடுத்தால் எந்த லென்ஸும் மங்கும், வலையைத் திறந்துவிடுங்கள். இரும்புக் கம்பி என்றால் லென்ஸைக் கம்பிகளுக்கு இடையில் ஒட்டி வைத்து, துவாரத்தை முழுதாகத் திறந்து எடுத்தால் கம்பி கரைந்துவிடும். பறவை குளிக்க மண் சட்டி வைப்பவர்கள் மூன்று செ.மீ. ஆழத்துக்கு மேல் நீர் விட வேண்டாம். தினமும் ஊற்றிவிட்டு உட்பக்கத்தைத் தும்பால் உரசுங்கள். டெங்கு நுளம்பின் முட்டை சட்டிச் சுவரில் ஒட்டியிருக்கும், நீரை மாற்றினால் மட்டும் போகாது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்தால் பறவைக்கு வைத்தது என்ற பதில் செல்லாது. ஒக்டோபரிலிருந்து ஏப்ரல் வரை வீட்டுத் தோட்டங்களுக்கு வரும் ஆறுமணிக்குருவிக்கும் இந்தச் சட்டி பிடிக்கும். அதன் குரலைப் போனில் ஒலிக்கவிட்டு அழைப்பதைத் தவிருங்கள். இல்லாத எதிரியைத் தேடி அது இரை தேடும் நேரத்தை இழக்கும்.

வாங்கிய பின் வரும் செலவு

மின்சார உலர் பெட்டி முடிந்தால் நல்லது. முடியாவிட்டால் ரப்பர் விளிம்புள்ள பிளாஸ்டிக் பெட்டி, அரைக் கிலோ செம்மஞ்சள் சிலிக்கா ஜெல், சிறிய ஈரமானி. 40 முதல் 50 வீதத்தில் நிற்க வேண்டும். 30க்குக் கீழே போனால் ரப்பரும் மசகும் காயும். மணிகள் பச்சையானதும் அவனில் 120 பாகையில் இரண்டு மணித்தியாலம் காயவைத்தால் நிறம் திரும்பும். கமராவோடு வந்த துணிப்பைக்குள் வைத்து அலுமாரியில் பூட்டுவதுதான் பங்கசுக்கு நாம் செய்யக்கூடிய பெரிய உபகாரம்.

குளிரூட்டிய அறையிலிருந்து நேரே வெளியே எடுத்தால் கண்ணாடியில் நீர் படியும். பையைத் திறக்காமல் அரை மணித்தியாலம் விடுங்கள். காலிமுகத்திடல், தெஹிவளைக் கரைகளில் எடுத்த நாளில், நல்ல நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் உடலையும் வளையங்களையும் துடைக்க வேண்டும். உலர்ந்த துணி உப்பைத் தேய்த்துக் கீறும்.

வில்பத்துவுக்குப் போகும்போது

600 எல்லா இடத்தையும்விட அதிகம் தேவைப்படுவது அங்கேதான். வில்லு எனப்படும் நீர்நிலைக்கு அக்கரையில் மான், பாதை வளைவில் சிறுத்தை; ஜீப்பை விட்டு இறங்க முடியாது, ஆகவே தூரத்தை நீங்கள் தீர்மானிப்பதில்லை. வருடத்தில் இரண்டு மூன்று தடவை போகிறவர் அதற்காக 150–600ஐச் சொந்தமாக வைத்திருக்கத் தேவையில்லை. கொழும்பில் லென்ஸ் வாடகைக்குத் தருவார்கள், அடையாள அட்டைப் பிரதியும் முற்பணமும் கேட்பார்கள். பயணத்துக்கு முதல்நாள் காலையிலேயே எடுத்து, கடை வாசலிலேயே டோர்ச் அடித்துப் பார்த்து, இருக்கும் கீறல்களைப் போனில் படம் எடுத்து அவர்களுக்கே அனுப்பிவிடுங்கள். அன்று மாலை பெய்ராவில் ஒரு மணித்தியாலம் பழகினால் ஸூம் வளையம் எந்தப் பக்கம் திரும்பும் என்பது விரலுக்குத் தெரிந்திருக்கும். ஜீப்பில் முக்காலி விரிக்க இடமில்லை. ஒன்றரைக் கிலோ அரிசியை ஒரு துணிப்பையில் தளர்வாகக் கட்டி ஜீப்பின் கம்பியில் போட்டு, அதன்மேல் லென்ஸை அழுத்துங்கள். அரிசியை வந்து சமைத்துக்கொள்ளலாம். இயந்திரத்தை நிறுத்தச் சொல்ல வெட்கப்பட வேண்டாம். டீசல் அதிர்வு கம்பி வழியாக நேரே லென்ஸுக்கு ஏறும், 1/1000இலும் சில படங்கள் இரட்டையாக விழும்.